பிரிவுகள் சேர்ந்து செய்யும் தரவு வேலைக்குச் சின்ன நிதி: எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

ஜெலுத்தோங்வாசி கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். பினாங்கில் ஓர் அறிவியல் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், பெயர் இங்கே வேண்டாம். நீர், கடலோரம், காற்று, உயிரினம் என்று எங்களுக்கு நாலைந்து பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனி சர்வர், தனி எக்செல், அதைத் திறக்கத் தெரிந்த தனி மனிதர். ஒரு பிரிவின் தரவு இன்னொன்றுக்கு வேண்டுமென்றால் மெமோ எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, அவர் லீவில் இருந்தால் காத்திருந்து, கடைசியில் யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பார். அது எந்த ஆண்டுப் பதிப்பு என்று அனுப்பியவருக்கும் தெரியாது.

இப்போது எங்கள் இயக்குநருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து சுமார் 3 லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தனியே எடுத்து வைத்து, குறைந்தது இரண்டு பிரிவுகள் சேர்ந்து செய்கிற தரவு இணைப்பு வேலைக்கும் அதற்கான மென்பொருளுக்கும் மட்டும் கொடுக்கலாம் என்கிறார். யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஆட்களையும் சேர்த்துக்கொள்ளலாமாம். நல்ல விஷயம்தான், ஆனால் விதிமுறை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

எனக்குக் குழப்பம் இதில்தான். மொத்தப் பணத்தையும் ஒரே பெரிய திட்டத்துக்குக் கொடுப்பதா, ஐந்தாறாக உடைப்பதா? யார் தேர்ந்தெடுப்பது? தலைவர்கள் கமிட்டி போட்டால் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்வார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்புறம், ஆண்டு முடிந்து பணம் நின்றபின் செய்ததை யார் பார்த்துக்கொள்வது? இதற்கிடையில் ஒரு பிரிவு கோலாலம்பூர் கம்பெனி ஒன்றிடம் டேஷ்போர்டுக்குக் குவொட்டேஷனே வாங்கி வைத்துவிட்டது, தொகை ஏறக்குறைய முழு நிதியையும் விழுங்கிவிடும்.

இப்படி ஒரு நிதியைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_மானியம் எழுதியது:

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, எப்படியானாலும் முதல் வேலையாக அந்தக் குவொட்டேஷனைக் கோப்பில் போட்டு மூடி வையுங்கள்.

நான் இங்கே கேஎல்லில் ஆராய்ச்சி மானிய அலுவலகத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நீங்கள் கேட்கிற மாதிரி நிதியை அமெரிக்காவின் நிலவியல் ஆய்வு நிறுவனம், அதான் யூஎஸ்ஜிஎஸ், நடத்தியிருக்கிறது. பெயர் நிலவியல் என்றாலும் ஆற்று நீர்மட்டம், நிலநடுக்கம், காட்டுயிர், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படக் கிடங்கு என்று எல்லாம் அவர்கள் கையில் உண்டு, ஆகவே உங்கள் நாலைந்து பிரிவுத் தொல்லை அவர்களுக்கு ஒரு நாட்டின் அளவுக்கு இருந்தது. 2009-இல் சிடிஐ என்று தரவு ஒருங்கிணைப்புக்காக ஒரு சமூகத்தை உள்ளுக்குள்ளேயே ஆரம்பித்தார்கள். புது இலாகா கிடையாது. தரவோடு மல்லுக்கட்டுகிற ஆராய்ச்சியாளர், நிரலர், நூலகர், யார் வேண்டுமானாலும் மாதக் கூட்டத்தில் வந்து உட்காரலாம். சமூகம் உருவான பிறகு அதன் கையில் ஒரு சின்ன நிதி வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள், பணத்துக்கு முன்னால் ஆட்கள்.

தேர்வு இரண்டு கட்டம். முதலில் ஓரிரு பக்கத்தில் ஒரு விருப்பக் குறிப்பு, அவ்வளவுதான். அதைச் சமூகத்து ஆட்களே படித்து வாக்குப் போடுவார்கள். மேலே வந்தவை மட்டும் முழு முன்மொழிவு எழுத வேண்டும், அதை ஒரு குழு பரிசீலிக்கும். பாதிப் பேருடைய நேரம் முதல் கட்டத்திலேயே மிச்சம். நம் ஊரில் நாற்பது பக்கம் எழுத வைத்துவிட்டு ஒரு வரியில் நிராகரிக்கிறோம், அந்தக் கொடுமையை நான் தினமும் பார்க்கிறேன்.

ஒரு திட்டத்துக்கு உச்சவரம்பு 50,000 அமெரிக்க டாலர் என்று இருந்தது. ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கிற நிறுவனம் இந்தத் தொகையை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஒரு நிதியாண்டுக்குள் முடித்துக் காட்ட வேண்டும். தலைமை யூஎஸ்ஜிஎஸ் ஊழியரிடம் இருக்க வேண்டும், பல்கலைக்கழகமும் மற்ற அமைப்புகளும் கூட்டாளியாக வரலாம். கேட்கிற தொகையில் 30 விழுக்காடு மதிப்புக்குச் சொந்தப் பிரிவு தன் ஆள் நேரத்தையோ வசதியையோ போட வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை. முன்மொழிவுகளை எடைபோடும்போது ஏற்கெனவே இருக்கிற தரவையும் கருவியையும் பயன்படுத்துகிறார்களா, மற்றவர்கள் எடுத்து உபயோகிக்கிற மாதிரி ஏதாவது மிஞ்சுமா என்று பார்ப்பார்கள். முடிவில் தரவை வெறுமனே ஒரு தளத்தில் ஏற்றினால் போதாது. மெட்டாடேட்டாவும் (தரவைப் பற்றிய விவரக் குறிப்பு) டிஓஐ எண்ணும் (மாறாத இணைய அடையாள எண்) சேர்த்து, யூஎஸ்ஜிஎஸ்ஸின் சயின்ஸ்பேஸ் மாதிரி நிரந்தரக் கிடங்கில் வெளியிட வேண்டும், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வந்து பேசவும் வேண்டும்.

உங்கள் 3 லட்சத்துக்கு நான் சொல்வது: ஒன்றுக்கு அதிகபட்சம் 50,000 வெள்ளி, ஐந்து திட்டம், மீதி 50,000-ஐத் தொடாமல் வையுங்கள். ஏன் என்று கீழே யாராவது சொல்வார்கள், இல்லாவிட்டால் நானே வந்து சொல்கிறேன்.

பயான்லெப்பாஸ்_நிரலர் எழுதியது:

அக்கா சொன்ன 50,000 எதற்கென்று நான் சொல்கிறேன். பராமரிப்புக்கு. ஆனால் அதற்கு முன் டேஷ்போர்டு கதை.

கம்பெனிக்காரர் வந்து காட்டுகிற டெமோவில் வரைபடம் இருக்கும், பச்சை மஞ்சள் சிவப்பு இருக்கும், இயக்குநர் தலையாட்டுவார். அதற்குள் போகிற தரவு ஒன்றோடொன்று பொருந்துமா என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். பொருத்துகிறதுதான் வேலையே, வரைபடம் அதற்கப்புறம் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

உதாரணமாக மழைத் தரவையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 1970-களின் பதிவு இருந்தால் அதன் நேரம் எந்த நேரம்? தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்றுதான் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் போனது, அதற்கு முன் ஏழரை மணி நேரம். எழுபதுகளின் மணிநேர மழையையும் தொண்ணூறுகளின் மணிநேர மழையையும் அப்படியே அடுக்கினால் அரை மணி நேரம் வழுக்கும். பிற்பகல் இடிமழை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதுதான் உங்கள் ஆய்வு என்றால் அந்த அரை மணி நேரம் முழு முடிவையும் கெடுத்துவிடும். அப்புறம் 'ஒரு நாள் மழை'. ஒரு பிரிவுக்கு நாள் காலை 8 மணிக்கு ஆரம்பிக்கும், இன்னொரு பிரிவுக்கு நள்ளிரவில். இரண்டு கோப்பிலும் தேதி ஒன்றுதான் எழுதியிருக்கும்.

இடமும் அப்படித்தான். பழைய நிலையங்களின் ஆயத்தொலைவு கெர்த்தாவ் என்ற பழைய நில அளவை அடிப்படையில், புதியவை ஜிடிஎம்2000 என்ற புதிய அடிப்படையில். எது எதில் என்று குறிக்காமல் ஒரே வரைபடத்தில் போட்டால் ஆற்றங்கரை நிலையம் நகர்ந்து போய் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் உட்காரும். நிலையத்தின் பெயரைப் பார்த்துச் சரி செய்யலாம் என்றால் ஒரே கம்போங் பாருவை மூன்று கோப்பில் மூன்று விதமாக எழுதி வைத்திருப்பார்கள். காலிக் கட்டத்துக்கு ஒருவர் -999 போடுவார், ஒருவர் கோடு போடுவார், ஒருவர் 0 போடுவார். அந்த 0 மழை இல்லை என்பதா, கருவி அடைத்துக்கொண்டது என்பதா?

ஆகவே நான் விதிமுறை எழுதினால் முதல் சுற்றில் எல்லாத் திட்டத்துக்கும் பொதுவாக ஒரு வேலைக்குப் பணம் கொடுப்பேன்: நிலையப் பதிவேடு. ஒவ்வொரு நிலையத்துக்கும் மாறாத ஓர் எண், எந்த அடிப்படையில் ஆயத்தொலைவு, எப்போது இடம் மாறியது, நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, காலிக்கு என்ன குறி. ஒரு எளிய சிஎஸ்வி கோப்பு (வெறும் எழுத்து அட்டவணை) போதும், மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் களஞ்சியத்தில் போட்டால் யார் எப்போது மாற்றினார் என்று தெரியும். பார்க்க ஒன்றுமே இருக்காது, இயக்குநரிடம் காட்டிப் பெருமைப்பட முடியாது, அதனால்தான் இதற்கு யாரும் பணம் கொடுப்பதில்லை.

இப்போது பராமரிப்பு. அறிவியலில் எல்லாரும் புதுசுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள், இருப்பதை ஓட வைக்க யாரும் கொடுப்பதில்லை. உலக அளவிலேயே இது புகார்தான், 2019-இல் சான் ஸக்கர்பெர்க் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு அறிவியலுக்கான திறந்த மூல மென்பொருள்களைப் பராமரிக்கவென்றே தனி மானியம் தொடங்கியது. உங்கள் அளவில் அந்த 50,000-ஐ இரண்டாம் ஆண்டுக்கு முடிச்சுப் போட்டு வைக்க முடிந்தால் வையுங்கள், கணக்குப் பிரிவு விடுமா என்று எனக்குத் தெரியாது. விடாவிட்டால் முன்மொழிவிலேயே ஒரு கேள்வி சேருங்கள்: திட்டம் முடிந்தபின் இதைப் பார்த்துக்கொள்ளப் போகிற நிரந்தர ஊழியரின் பெயர் என்ன, அவருடைய மேலதிகாரி ஒப்புக்கொண்டாரா? கையெழுத்து இல்லையென்றால் பணம் இல்லை. ஒப்பந்த ஊழியர் பெயரைப் போடக் கூடாது, அவர் போனதும் பாஸ்வேர்டும் போய்விடும்.

மழைமானி எழுதியது:

மேலே இருவரும் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் வாக்கெடுப்பைப் பற்றி நான் அவ்வளவு நம்பிக்கையாக இல்லை.

யூஎஸ்ஜிஎஸ்ஸில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள், நாடு முழுக்கச் சிதறியிருக்கிறார்கள், யார் திட்டம் என்று தெரியாமல் வாக்குப் போட அங்கே ஓரளவுக்கு இடம் உண்டு. உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? எல்லாரும் ஒரே கேன்டீனில் பசியாறுகிறவர்கள். நீர்ப் பிரிவில் முப்பது பேர், உயிரினப் பிரிவில் ஆறு பேர் என்றால் முடிவு வாக்கெடுப்புக்கு முன்பே தெரிந்துவிடும். ஆளுக்கு ஒரு வாக்கு என்று விடாமல் பிரிவுக்கு இத்தனை என்று வைக்க வேண்டும், சொந்தப் பிரிவின் திட்டத்துக்குப் போடக் கூடாது என்றும் வைக்க வேண்டும். அப்படியும் அரசியல் வரும், ஆனால் தலைவர்கள் கமிட்டியைவிடக் கொஞ்சம் குறைவாக வரும்.

இன்னொன்று, அந்த 30 விழுக்காடு. அமெரிக்காவில் எப்படியோ, இங்கே சொந்தப் பங்கு என்று போடுகிற எண் பெரும்பாலும் காகிதத்தில் மட்டும் இருக்கும். மூத்த ஆராய்ச்சியாளர் தன் நேரத்தில் பத்து விழுக்காடு என்று எழுதுவார், அந்தப் பத்தை உண்மையில் கொடுக்கப் போவது தெலுக் பஹாங்கிலோ பாலிக் பூலாவிலோ வெயிலில் நின்று கருவியைத் துடைக்கிற டெக்னிஷியன். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் இருந்த ஒரு கூட்டுத் திட்டத்தில் மூன்று அமைப்புகள், அழகான ஒப்பந்தம், தொடக்க விழாவுக்கு வாழை இலைச் சாப்பாடு. தரவைச் சுத்தம் செய்கிற வேலைக்கு மட்டும் ஒரு சென் ஒதுக்கவில்லை. ஒரு டெக்னிஷியன் பழைய பதிவுப் புத்தகங்களை இரவில் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தட்டெழுதினார், நீல மையில் எழுதிய பக்கம் ஈரத்தில் ஊறி எண் தெரியாமல் போன இடத்தில் எல்லாம் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குறிகள்தான் அந்தத் திட்டத்தில் எனக்குத் தெரிந்து மிக நேர்மையான மெட்டாடேட்டா. இறுதி அறிக்கையில் அவர் பெயர் இல்லை, கேள்விக்குறிகளும் இல்லை, கன்சல்டன்ட் எல்லாவற்றையும் எண்ணாக மாற்றிவிட்டார்.

ஆகவே மென்பொருளுக்கு எவ்வளவு என்று பார்க்கும் முன் தரவை வைத்திருப்பவரின் நேரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஓவர்டைமாகவோ, அவர் வேலையைப் பார்க்கத் தற்காலிக ஆளாகவோ, எப்படியாவது. என்னைக் கேட்டால் ஒவ்வொரு திட்டத்திலும் மூன்றில் ஒரு பங்காவது அதற்குப் போக வேண்டும். பிரிவுகள் ஏன் தரவைத் தர மறுக்கிறார்கள் என்று எல்லாரும் அங்கலாய்க்கிறார்கள். கொடுத்தால் அவர்களுக்கு வருவது கூடுதல் வேலையும், 'உங்கள் தரவில் பிழை இருக்கிறது' என்கிற மின்னஞ்சலும்தான், பிறகு ஏன் தருவார்கள்?

எல்லை தாண்டுகிற பிரச்சினையும் உண்டு. சுங்கை மூடாவை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கு குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஆற்றிலிருந்து, ஆற்றின் மேல்பகுதி பக்கத்து மாநிலமான கெடாவில். உங்கள் பிரிவுகளை எவ்வளவு இணைத்தாலும் பாதிக் கதைதான் கிடைக்கும். பினாங்கில் 2017 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எல்லாரும் இணைப்பு இணைப்பு என்றார்கள். உங்கள் நிதியில் ஒரு திட்டமாவது வெளியாள் தரவோடு சேர்வதாக இருக்கட்டும், சிரமம்தான், ஆனால் பயன் அங்கேதான் இருக்கிறது.

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. (அக்கா, தங்கைதான்.)

நிலையப் பதிவேட்டை முதல் திட்டமாக வைக்க முடியுமா என்று இன்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன், 'அது தினசரி வேலை ஆயிற்றே, அதற்கு எதற்கு நிதி' என்றார் எங்கள் இயக்குநர். நேரம் மாறிய 1982 கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், எங்கள் அலை மட்டத் தரவும் அந்தக் காலத்திலிருந்து இருக்கிறது.

இன்னொரு கேள்வி. ஒரு குழு மழைத் தரவோடு டெங்கிச் சம்பவங்களை இணைக்கலாம் என்கிறது. எங்களிடம் மழை நாள் கணக்கில், டெங்கி எண்ணிக்கை வாரக் கணக்கில், அதுவும் அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது, அதைச் சமாளித்துவிடலாம். ஆனால் சுகாதாரத் தரவை வாங்கச் சட்டம் இடம் கொடுக்குமா? தரவுப் பகிர்வுச் சட்டம் வந்துவிட்டதே, இனி கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

பழைய_கணக்கு எழுதியது:

ஓய்வுபெற்ற அரசாங்கக் கணக்காளன், சட்ட வல்லுநர் அல்ல, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2025 தரவுப் பகிர்வுச் சட்டம், சட்டம் 864, 2025 ஏப்ரல் 28 அன்று நடப்புக்கு வந்தது. அது மத்திய அரசு அமைப்புகள் தங்களுக்குள் தரவைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு வழி. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை, காரணம் காட்டி மறுக்கவும் இடம் உண்டு. மாநில அமைப்புகளுக்கும் தனியாருக்கும் அது பொருந்தாது. உங்கள் நிறுவனம் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள், யூஎஸ்எம்மோடு எப்படியும் தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். 2010-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்று தைரியமாக இருக்கவும் வேண்டாம், நோயாளி விலாசம் கசிந்தால் சட்டம் பார்த்தா பத்திரிகைக்காரன் எழுதுவான்? வட்டாரம், வாரம், எண்ணிக்கை, அதற்கு மேல் கேட்காதீர்கள். இன்னொன்று, சில வரைபடத் தரவில் 'தெர்ஹாட்' (கட்டுப்படுத்தப்பட்டது) முத்திரை இருக்கும், 1972 அரசாங்க ரகசியச் சட்டத்தின் சமாச்சாரம் அது, இணைத்த கோப்புக்கும் அந்த முத்திரை ஒட்டிக்கொண்டு வரும். முத்திரையுள்ள ஒரு அடுக்கு சேர்ந்ததால் முழுத் திட்டத்தையும் வெளியிட முடியாமல் போகலாம், ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

பணம். நமக்கு நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. காகிதத்தில் பன்னிரண்டு மாதம், ஆனால் வாரன் (செலவழிக்க அனுமதிக்கும் ஆணை) கையில் வரத் தாமதமாகும், ஆண்டு இறுதியில் கணக்கு மூடுவதற்கு முன்பே ஆர்டர் போடுவதை நிறுத்தச் சொல்வார்கள். நடுவில் நோன்புப் பெருநாள், பள்ளி விடுமுறை. உண்மையில் எட்டு மாதம் கிடைத்தால் பெரிது. ஆகவே அழைப்பும் வாக்கெடுப்பும் இந்த ஆண்டே முடிந்துவிட வேண்டும், ஜனவரியில் வேலை தொடங்கத் தயாராக. அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: நவம்பரில் பணம் மிஞ்சும், திரும்பிப் போகக் கூடாது என்று ஆளுக்கொரு லேப்டாப் வாங்குவார்கள். விதிமுறையில் ஒரு வரி போடுங்கள், செப்டம்பருக்குப் பின் இந்த நிதியில் வன்பொருள் வாங்கக் கூடாது.

நிரலர் தம்பி கேட்ட இரண்டாம் ஆண்டு முடிச்சு, நிர்வாக ஒதுக்கீட்டில் நடக்காது, செலவழிக்காதது போய்விடும். அந்த 50,000-ஐ மூன்றாம் காலாண்டில் இரண்டாவது சின்ன அழைப்பாக விடுங்கள், முடிகிற நிலையில் இருக்கிற திட்டங்கள் மட்டும் ஆவணம் எழுதவும், ஒப்படைக்கவும், பார்த்துக்கொள்ளப் போகிறவருக்குப் பயிற்சி கொடுக்கவும் கேட்கலாம். அடுத்த ஆண்டுச் செலவுக்கு அந்தந்தப் பிரிவின் சொந்த வரவுசெலவில் இப்போதே ஒரு வரி கேட்டு வைக்க வேண்டும், சர்வர் வாடகை எவ்வளவு என்று எண்ணோடு.

பிரிக்பீல்ட்ஸ்_மானியம் எழுதியது:

கணக்கு ஐயா சொன்ன அந்தக் குட்டி அழைப்பு நல்ல வழி. மழைமானி சொன்ன வாக்குத் திருத்தத்தையும் நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வாக்கெடுப்பைக் கைவிடாதீர்கள் தங்கச்சி. வாக்குப் போடவாவது உயிரினப் பிரிவுக்காரர் நீர்ப் பிரிவின் குறிப்பைப் படிப்பார், 'அட, இதே தொல்லை எனக்கும் இருக்கிறதே' என்பார். தோற்ற குறிப்புகளையும் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள். பணம் கிடைக்காத இரண்டு குழுக்கள் அதைப் பார்த்துத் தாங்களாகச் சேர்ந்தால் அது உங்களுக்கு இலவசம்.

தரவை வைக்கப் புதிதாகக் கிடங்கு கட்டவும் வேண்டாம். மலேசியத் திறந்த அறிவியல் தளம் 2019-இலிருந்து நடக்கிற முயற்சி, பொதுத் தரவுக்கு டேட்டா.கவ்.மை இருக்கிறது, யூஎஸ்எம் கூட்டாளி என்றால் அவர்கள் நூலகத்தையும் கேளுங்கள். எங்கே போடப் போகிறோம் என்பதை முதல் மாதத்திலேயே எழுதித் தர வேண்டும் என்று வையுங்கள், கடைசி மாதத்தில் கேட்டால் கூகுள் டிரைவ் லிங்க்தான் வரும்.

மழைமானி எழுதியது:

தங்கச்சி, ஒன்றே ஒன்று. 'பிரிவுக்கு இத்தனை வாக்கு' என்று எழுதும்போது டெக்னிஷியன்களுக்குத் தனியாக ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் பட்டதாரிகளே எல்லா வாக்கையும் போட்டுவிடுவார்கள். விருப்பக் குறிப்புகளை மலாயிலும் கொடுங்கள், ஆங்கிலத்தில் மட்டும் வேண்டாம். வாக்கெடுப்பை வெள்ளிக்கிழமை மதியம் வைக்காதீர்கள், களத்துக்குப் போனவர்கள் அப்போது திரும்பியிருக்க மாட்டார்கள்.